நாய்ப் பூங்காவுக்குப் போகலாமா? நன்மை, ஆபத்து, நடைமுறை: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலி போட்ட திடல். உள்ளே முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து நாய்கள். கதவைத் திறந்ததும் பாதி நாய்கள் ஓடிவந்து புதிதாக வந்ததை மோந்து பார்க்கும். இதைத் திருவிழாவாக நினைக்கும் நாயும் உண்டு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்து நடுங்கும் நாயும் உண்டு. அதனால் "நாய்ப் பூங்கா நல்லதா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. இந்த நாய்க்கு, இந்தத் திடலில், இன்றைக்கு உள்ளே இருக்கும் கூட்டத்தோடு ஒத்துவருமா என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

உண்மையில் என்ன கிடைக்கிறது

கயிற்றில் நடக்கும் நாய் மனிதனின் வேகத்தில்தான் நடக்கிறது. அவிழ்த்துவிட்டால் அது பாய்ந்து ஓடும், சட்டென்று திரும்பும், நிற்கும், மோந்து பார்க்கும், மறுபடி பாயும். அரை மணி நேர நடையில் கிடைக்காத உடற்பயிற்சி பத்தே நிமிடத்தில் கிடைத்துவிடும். ஓடியாடும் ரக இளநாய்களுக்கு இது பெரிய வரம். வீட்டில் செருப்பைக் கடிப்பதும் காரணமில்லாமல் குரைப்பதும் பல நேரம் தீராத சக்தியின் வெளிப்பாடுதான்.

இன்னொரு பலன், நாய் நாயிடமிருந்து கற்றுக்கொள்வது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் எதிரில் இருப்பது வீறிட்டு விலகிவிடும், ஆட்டம் நின்றுபோகும். எவ்வளவு அழுத்தம் சரி என்பதை மனிதரைவிட இன்னொரு நாய் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். "குட்டியைப் பழக்கப்படுத்தப் பூங்காவுக்குக் கொண்டுபோகிறோம்" என்று பலர் சொல்வார்கள். குட்டியின் மனம் புதியவற்றை எளிதாக ஏற்கும் காலம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை. தடுப்பூசி வரிசையோ 16 வாரம் வரை நீளும். அதாவது பழக்கவேண்டிய வயதில் குட்டி பூங்காவுக்குப் போகவே கூடாது. அந்தப் பழக்கம் தடுப்பூசி போட்ட, நிதானமான, தெரிந்த நாய்களோடு வீட்டிலும் தோட்டத்திலும் நடக்க வேண்டும்.

வளர்ந்த பயந்த நாயைத் திடலில் விட்டுப் பயத்தைப் போக்கலாம் என்பது இதைவிடக் கெடுதல். பயந்த நாயை நாலைந்து நாய்கள் சூழ்ந்தால் அது தைரியத்தைக் கற்காது. ஓட வழியில்லை, பல்லைக் காட்டினால்தான் விலகுகிறார்கள் என்று கற்கும். அடுத்த வாரம் தெருவில் கயிற்றோடு போகும்போது தூரத்தில் வரும் நாயைப் பார்த்தே குரைத்துப் பாயும். ஒரே ஒரு மோசமான மாலை போதும், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

உங்கள் நாய் தயாரா

கீழே உள்ளவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

1. தடுப்பூசி வரிசை முழுதாக முடிந்து, கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும்.
2. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர வேண்டும். வீட்டுக்குள் வருவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். இன்னொரு நாய் கண்ணில் படும்போது கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதுதான் சோதனை.
3. பந்து, குச்சி, தண்ணீர்க் கிண்ணம், உங்கள் மடி என எதையும் மற்ற நாய்களிடமிருந்து உறுமிக் காக்கும் பழக்கம் இருக்கக் கூடாது.
4. பெண்நாய் ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கக் கூடாது. இரத்தக்கசிவு நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. கருத்தரிக்கும் நாட்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகும் தொடரும். கசிவு தொடங்கியதிலிருந்து நான்கு வாரம் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு.
5. இருமல், வயிற்றுப்போக்கு, நொண்டல், புண், தையல் எதுவும் இருக்கக் கூடாது. வலியில் இருக்கும் நாய் விளையாட்டாகத் தொட்டாலும் கடிக்கும்.

கருத்தடை செய்யாத ஆண்நாய் ஒரு வயதைத் தாண்டியதும் மற்ற ஆண்நாய்கள் அதைப் போட்டியாகப் பார்க்கத் தொடங்கலாம். அது ஒன்றும் செய்யாமலே வம்பு அதைத் தேடிவரும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு மாதத்தில் எல்லா நாயோடும் குதூகலித்த நாய், இரண்டு மூன்று வயதில் புதிய நாய்களைக் கண்டு ஒதுங்கினால் அது நோயுமில்லை, உங்கள் வளர்ப்பின் குறையுமில்லை. முதிர்ச்சி வந்த பல நாய்கள் தெரிந்த நாலு நண்பர்கள் போதும் என்று இருந்துவிடும். பெரியவர்களை யாரும் சறுக்குமரத்தில் ஏற வற்புறுத்துவதில்லையே.

நோய்கள்: கண்ணுக்குத் தெரியாத பக்கம்

டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் கடும் வைரஸ் காய்ச்சல்), பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), வெறிநோய் ஆகிய மூன்றுக்கும் ஊசி கட்டாயம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூட, உயிரோடு இருக்கும். நோயுற்ற நாய் அங்கே இருக்க வேண்டியதே இல்லை, எப்போதோ வந்து போயிருந்தால் போதும்.

கூட்டமான இடத்துக்குப் போகும் நாய்களுக்குக் கூடுதலாக இரண்டு ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கு. இன்னொன்று லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சலுக்கு. எலி, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் இந்த நோய் மனிதருக்கும் வரும். இதற்கான ஊசி முதல்முறை இரண்டு தவணை, 2 முதல் 4 வார இடைவெளி, பிறகு ஆண்டுக்கொருமுறை.

குடற்புழுக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து என்பது பூங்கா போகும் நாய்க்குப் பொதுவான கணக்கு. உண்ணிக்கும் தெள்ளுக்குமான மருந்தைத் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். உண்ணி உதறினால் போய்விடும் பூச்சி இல்லை. எர்லிக்கியா, பேபீசியா போன்ற இரத்தக் காய்ச்சல்களைச் சுமந்துவரும்.

மலத்தை உடனே அள்ளுங்கள் என்று சொல்வது வெறும் நாகரிகத்துக்காக இல்லை. உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்த அன்றைக்குத் தொற்றாது. மண்ணில் கிடந்து இரண்டு முதல் நான்கு வாரம் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப்புழுவுக்கு வெதுவெதுப்பான ஈரமண்ணில் ஒரு வாரம் போதும், அதன் இளம்புழு வெறுங்காலில் நடக்கும் மனிதரின் தோலுக்குள்ளும் நுழையும். ஆக, அந்த நிமிடமே அள்ளினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். நாளைக்கு அள்ளுகிறேன் என்று விட்ட மலம் மழையில் கரைந்துபோனாலும், முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். திடலில் செருப்பைக் கழற்றாதீர்கள்.

பொதுக் கிண்ணத்தில் குடிக்க விடாதீர்கள். பேதி தரும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, இருமல் தொற்று, வாயில் பூக்கோசு போல வரும் பாப்பிலோமா மரு ஆகியவை கைமாற அது நல்ல வாய்ப்பு. சொந்தக் கிண்ணமும் ஒரு லிட்டர் தண்ணீரும் கொண்டுபோங்கள். குட்டையில் தேங்கிய நீரையும் நக்க விடாதீர்கள்.

முதல் பயணம்: நாயை வீட்டில் விட்டுவிட்டு

பலர் தவிர்ப்பதும், அதிகப் பலன் தருவதும் இந்த ஒரு வேலைதான். நீங்கள் போகவிருக்கும் அதே நேரத்தில் தனியாகப் போய் வேலிக்கு வெளியே இருபது நிமிடம் நில்லுங்கள்.

முதலில் மனிதர்களைப் பாருங்கள். நாய்களின் பக்கம் பார்வை இருக்கிறதா, அல்லது எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்களா? ஒரு நாய் இன்னொன்றைத் துரத்தித் துரத்தி மூலையில் ஒடுக்கும்போது யாராவது எழுந்து வருகிறார்களா, "விளையாடுதுங்க, விடுங்க" என்று சிரிக்கிறார்களா? இரண்டாவது பதில் கிடைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

பிறகு திடலைப் பாருங்கள். நுழைவாயிலில் இரட்டைக் கதவு இருக்க வேண்டும். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறப்பது என்ற அமைப்பு இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒரு நாய் சாலைக்கு ஓடிவிடும். வேலியின் அடியில் தோண்டிய பள்ளம், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, உடைந்த கண்ணாடி, நிழல், வடியாத நீர் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி இருந்தால் நல்லது.

சிறியது பெரியது பிரச்சினை குணத்தைப் பற்றியது இல்லை. மிக நல்ல பெரிய நாய்கூட, அலறிக்கொண்டு குறுக்கே ஓடும் மூன்று கிலோ நாயைக் கண்டால் ஒரு நொடியில் விளையாட்டிலிருந்து வேட்டைக்கு மாறிவிடலாம். அது கோபமில்லை, உறுமலோ எச்சரிக்கையோ இருக்காது. பிடித்து ஒருமுறை உதறினால் முடிந்தது. உங்கள் நாயின் எடைக்கும் அங்கிருக்கும் நாயின் எடைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு நேரம் பாருங்கள்.

கதவருகே

சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். உள்ளிருக்கும் நாய்கள் கூடிவிடும், வரும் நாய் கயிற்றில் கட்டுண்டு இருக்கும், இடம் குறுகல்.

பூங்காவுக்குப் போகும் முன் பத்து நிமிடம் வெளியே நடக்க விடுங்கள். மலஜலம் முடியும், வண்டியில் வந்த படபடப்பும் அடங்கும். சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

கதவுக்குள் கூட்டம் இருந்தால் வெளியே காத்திருங்கள், அவை சலித்துக் கலையும். முதல் கதவுக்குள் நுழைந்து சாத்துங்கள். இரு கதவுகளுக்கும் நடுவிலேயே கயிற்றைக் கழற்றுங்கள். கழற்றாமல் உள்ளே போனால் உங்கள் நாய்க்கு ஓட வழியில்லை, கயிறு இறுகுவதால் உடலும் விறைக்கும், மற்ற நாய்கள் அந்த விறைப்பை மிரட்டலாகவே படிக்கும். முள்பட்டை, இறுக்குச் சங்கிலி, தளர்ந்த ஹார்னஸ் (மார்பைச் சுற்றிய பட்டை) மூன்றையும் கழற்றிவிடுங்கள். கழுத்தைக் கடித்து விளையாடும்போது எதிர்நாயின் கீழ்த்தாடை பட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். இரண்டும் பதறி முறுக்கினால் ஒன்றுக்கு மூச்சு திணறும், மற்றதற்குத் தாடை உடையும். பெயர்த்தகடு கோத்த, இழுத்தால் தானே விடுபடும் பட்டை மட்டும் போதும்.

உள்ளே போனதும் கதவருகே நிற்காதீர்கள். திடலின் நடுவை நோக்கி நடங்கள். நீங்கள் நடந்தால் நாயும் நடக்கும், நடக்கும் நாயைச் சூழ்வது கடினம். தின்பண்டத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், பொம்மை வேண்டவே வேண்டாம்.

விளையாட்டா, வம்பா

உறுமலும் பல்லும் மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. நல்ல விளையாட்டிலும் இரண்டும் உண்டு. பார்க்கவேண்டியது உடலின் தளர்ச்சி. விளையாடும் நாய் ரப்பர் போல வளையும், வாய் தளர்ந்து திறந்திருக்கும், முன்கால்களை நீட்டித் தரையோடு தாழ்ந்து பின்பக்கத்தைத் தூக்கி அழைக்கும். துரத்துவது மாறிமாறி நடக்கும். பெரிய நாய் தானே விழுந்து சின்னதை மேலே ஏறவிடும். இடையிடையே இரண்டும் நின்று உடம்பை உதறும், மோந்து பார்க்கும், பிறகு தொடரும். இந்த இடைவேளைகள்தான் ஆரோக்கியத்தின் அடையாளம்.

கவலைக்குரியது இதற்கு நேர் எதிர். உடல் மரக்கட்டை போல விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே நாயின் மேல் குத்தி நிற்கும். ஒரு நாய் இன்னொன்றின் தோள்மேல் தலையை வைத்து அசையாமல் நிற்கும். ஒரே நாயே துரத்தப்படும், அது வாலை ஒடுக்கி உங்கள் கால்களுக்கிடையே அல்லது பெஞ்சுக்கடியில் ஒளியும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாத கொட்டாவி, தலையைத் திருப்பாமல் விழியின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது ஆகியவை "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதன் ஆரம்ப எழுத்துகள். முதுகுமயிர் சிலிர்ப்பது மட்டும் ஆத்திரமென்று பொருளாகாது. பரபரப்பு, பயம், ஆசை எதிலும் சிலிர்க்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை. துரத்தும் நாயை அதன் சொந்தக்காரர் ஐந்து நொடி பிடித்து நிறுத்தட்டும். துரத்தப்பட்ட நாய் திரும்பி வந்து "வா" என்று அழைத்தால் விளையாட்டு, தொடரட்டும். உதறிக்கொண்டு வேறுபக்கம் நழுவினால் ஆட்டம் முடிந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் நாயைக் கூப்பிட்டு, தடவிக்கொடுத்து, மறுபடி போகவிடுங்கள். கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால் "கூப்பிட்டால் சந்தோஷம் முடிந்தது" என்று நாய் கணக்குப் போட்டுவிடும், பிறகு திடல் முழுக்க நீங்கள்தான் துரத்துவீர்கள்.

முதல் சில முறை இருபது நிமிடம் போதும். நாய்கள் களைக்கும்போது பொறுமை குறையும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள்.

சண்டை மூண்டால்

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை போகும். போகவிடாதீர்கள். மனிதர்கள் கடிபடுவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். சண்டையிலிருக்கும் நாய் திரும்பிப் பார்த்துக் கடிப்பதில்லை, தொட்டதைக் கடிக்கும்.

முதலில் சத்தம்: கைதட்டல், உலோகக் கிண்ணத்தைத் தட்டுவது. அடுத்து தண்ணீர், மூக்கின் மேல் குறிபார்த்து. பலகை, குடை, பை எதையாவது இரண்டுக்கும் நடுவே செருகுவது. எதுவும் பலிக்காவிட்டால் இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு நாயாக, பின்னாலிருந்து பின்னங்கால்களைத் தொடையருகே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பதுபோல் பின்னோக்கி வட்டமாக இழுக்க வேண்டும். வட்டமாக நகர்ந்தால் நாய் விழாமலிருக்க முன்கால்களை எடுத்துவைக்கவே கவனம் போகும், திரும்பிக் கடிக்க முடியாது. வாய் இறுகப் பிடித்திருக்கும்போது இழுத்தால் தோல் கிழியும், விடும்வரை காத்து இழுங்கள். பிரித்ததும் விட்டுவிடாதீர்கள், கயிறு மாட்டி ஒன்றையொன்று பார்க்காத தூரத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு ரோமத்தை விரலால் விலக்கி அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கோரைப்பல் போட்ட ஓட்டை மிளகு அளவுதான் இருக்கும், இரத்தமும் அதிகம் வராது. பல் உள்ளே இருக்கும்போது உதறியிருந்தால் தோலுக்கடியில் தசை பிய்ந்து, அழுக்கும் கிருமியும் உள்ளே அடைபட்டிருக்கும். மேலே ஆறிய புண் இரண்டு மூன்று நாளில் சீழ்க்கட்டியாகும். ஆகவே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் துளை தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவர். கழுத்து, மார்பு, வயிறு என்றால் ஓட்டமாக.

மனிதருக்குக் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடித்த நாயின் ஊசிச்சீட்டைப் பார்க்கச் சொந்தக்காரரின் தொடர்பு எண்ணை அங்கேயே வாங்கிவிடுங்கள், பிறகு கண்டுபிடிப்பது கடினம். சிறு குழந்தைகளைத் திடலுக்குள் கூட்டிப்போகாதீர்கள். ஓடுவதும் கீச்சிடுவதும் துரத்தலைத் தூண்டும், குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கும்.

வெயில்

தரையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் சூடுதான். விளையாட்டு மும்முரத்தில் நாய் தானாக நிறுத்தாது, நிறுத்துவது உங்கள் வேலை. பக் போன்ற மூக்கு சப்பையான ரகங்கள், குண்டான நாய்கள், வயதானவை விரைவில் விழும். இயல்பான உடல்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். விளையாடி முடித்ததும் சற்றே ஏறியிருப்பது சகஜம். ஆனால் நிழலில் நின்ற பிறகும் அகலமான நாக்கோடு நிற்காமல் இரைப்பது, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கு. 41 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்திலேயே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு மருத்துவரிடம் போக வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டை அடைத்துவைக்கும். 39.4-க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், மேலும் ஊற்றினால் சூடு தேவைக்குக் கீழே இறங்கிவிடும்.

வீடு திரும்பிய பிறகு

விரலிடுக்கு, காதுக்குள், கழுத்துப்பட்டைக்கடியில், வாலடியில் உண்ணியைத் தேடுங்கள். பாதத்தைக் கழுவித் துடையுங்கள். அடுத்த இரண்டு வாரம் கவனமாக இருங்கள். வாத்து கத்துவதுபோன்ற வறட்டு இருமல் 2 முதல் 10 நாளுக்குள் தெரியும். பார்வோ என்றால் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் வாந்தி, சோர்வு, இரத்தம் கலந்த நாற்றமான பேதி. இருமும் நாயைப் பூங்காவிலிருந்து விலக்கிவையுங்கள், அங்கே சேர்ந்து விளையாடிய நாய்களின் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் போலவே மனத்தையும் பாருங்கள். அடுத்த முறை பூங்காவின் வாசலில் நாய் இழுத்துக்கொண்டு முன்னேறுகிறதா, காலை ஊன்றி நிற்கிறதா? ஊன்றி நின்றால் அது உங்களிடம் பேசுகிறது, தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

ஒத்துவராத நாய்க்கு

பூங்கா இல்லாமலும் நாய் நிறைவாக வாழும். நன்கு தெரிந்த ஒரே ஒரு நண்பன் நாயோடு வாரத்துக்கு இரண்டு முறை வேலியுள்ள இடத்தில் விளையாட்டு, பத்து அந்நிய நாய்களைவிட மேல். முதல் சந்திப்பில் இரண்டையும் கயிற்றோடு, ஐந்தாறு மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்திக்கொண்டுபோய், இரண்டும் தளர்ந்த பிறகே பக்கம் விடுங்கள். ஓட்டத்துக்கு 10 மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டி வெட்டவெளியில் விடலாம். கழுத்துப்பட்டையில் மட்டும் மாட்டாதீர்கள், முழுவேகத்தில் கயிறு தீரும்போது கழுத்தெலும்பில் அடி விழும். மழைக்காலத்தில் வீட்டுக்குள், உலர்ந்த உணவை ஒரு பழைய துண்டில் சுருட்டித் தேடவிடுங்கள். கால் மணி நேரம் மூக்கை உழைக்கவிட்ட நாய் நன்றாகத் தூங்கும்.